கூரைப் பீலியில் உறைந்த பனி

அன்புள்ள அம்மாவுக்கு, சிக்னே எழுதுவது. இந்த ஊர் டுலூத்தின் குளிரிலும் நான் நலம்தான். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் டிரோம்சோவிலும் பனி கொட்டுகிறதாமே.

இங்கே நான் குடியிருக்கும் வீட்டின் கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் தகரப் பீலி சருகால் அடைபட்டு, உருகிய பனி அதிலேயே உறைந்துவிட்டது. வீடு ஒழுகவே, நேற்று ஏணியில் ஏறி அந்தப் பனிக்கட்டியைச் சுத்தியலால் தட்டினேன்.

"அடி பைத்தியமே, இறங்குடி! கட்டி பீலியோட வந்துடும்!" என்று வீட்டுக்காரி எதெல் கத்தினாள்.

அப்படியே வந்தது. என் காதை உரசிக்கொண்டு விழுந்து, ஏணியின் கீழ்ப்படியை முறித்தது. எனக்குக் கீறல்கூட இல்லை.

"உயிரோடதானே இருக்கே, பின்ன ஏன் நடுங்கறே?" என்று எதெல் சிரித்தாள்.

காதை மூடிக்கொள்ள அப்பாவின் பழைய கம்பளித் தொப்பியை அனுப்பி வையேன். நேற்றிரவு கூரையில் எது சொட்டினாலும் விழித்துக்கொண்டேன்.

தபால்காரர் வந்துவிட்டார். அம்மா, அப்பாவைக் கூரை ஏற விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன், ஏணியை ஒளித்து வை.

சிக்னே