பத்து நாள் கழித்துப் பறித்த கடலை

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

இந்த வருஷம் கடலை பறித்துவிட்டு வந்துவிட்டோம். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவசர அவசரமாகப் போவோமே, அப்படி இல்லை. நீங்கள் வருஷா வருஷம் கேட்டீர்களே, அந்தப் பத்து நாள் கழித்துப் போனோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அழுது எழுதப்போவதில்லை, பயப்படாதீர்கள். பங்குனியில் நீங்கள் போனபோதே அழுது முடித்தாயிற்று. அதற்கப்புறம் அழ நேரம் எங்கே? நீங்கள் பார்த்த வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்திருக்கிறது. மீனா காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறாள். உங்கள் மகள் என்று சொல்லும்படி தினமும் குழம்பில் குறை கண்டுபிடிக்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கிற வீட்டில் ஐப்பசி மாதம் என்றால் ஆண்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம், அது தெரிந்ததுதான். இந்த வருஷம் அத்தானுக்குப் பங்குனியிலிருந்தே ஐப்பசி. கடை திறப்பதற்கு முன்னால் போய் நிற்கிறார், பூட்டிய பிறகுதான் வருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கூட்டமே இல்லாத ஆடிக்கு முந்தின வாரத்தில்கூட கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

போய்ச் சொல்லலாம் என்றால் நான் எப்படிச் சொல்வது? தம்பி பெண்டாட்டி மூத்தவரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை என்று இந்த வீட்டில் ஒரு வழக்கம். நான் வாழவந்து பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் உங்கள் வழியாகத்தான் போகும். நான்கடி தூரத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “சின்னவகிட்டச் சொல்லு, ரசத்துல உப்புக் கொறச்சல்” என்பார். “அத்தானுக்கு உப்பு வேணுமான்னு கேளுங்கக்கா” என்பேன் நான். நடுவில் நீங்கள், “ரெண்டு பேருக்கும் காது செவிடா?” என்று கத்துவீர்கள். நீங்கள் போன பிறகு நான் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்கிறேன், அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

போன வருஷம் செங்கல்பட்டுக்கு அப்பால், நாம் வருஷா வருஷம் கடலை பறிக்கப் போகிற ஏழுமலையின் நிலத்தில் நின்றோமே, நினைவிருக்கிறதா? “இன்னும் பத்து நாள் போவட்டும் சார், மல்லாட்ட முத்தல” என்று, கடலையை மல்லாட்ட என்கிற ஏழுமலை எப்போதும்போல ஃபோனிலேயே சொல்லியிருந்தார். “பத்து நாள் கழிச்சா எனக்குச் சாவக்கூட நேரம் இருக்காதுப்பா” என்று அத்தானும் எப்போதும்போல பதில் சொல்லியிருந்தார். கடலை பறிக்கிற தேதியைக் கடலை முடிவு செய்யாமல் கடை முடிவு செய்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். போய் இறங்கினால் மண் காய்ந்து கிடக்கும். செடியைப் பிடித்து இழுத்தால் பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்துபோகும். வந்த காயும் பிஞ்சு. அத்தான் வரப்பில் நின்றபடியே ஃபோனில் சரக்கு விசாரித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே வண்டியைக் கிளப்பச் சொல்வார்.

நீங்கள் ஒரு காயை நசுக்கி, தோட்டை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். “பாருங்க, உள்ள வெள்ள வெளேர்னு இருக்கு. முத்துன காய்னா தோட்டுக்குள்ள கறுத்திருக்கணும். அடுத்த வருசம் காடு சொல்லுத அன்னைக்கு வாரோம். ஒரே ஒரு நாளு கடையத் தம்பி பாக்கட்டும்.”

“பாப்போம்” என்றார். அத்தான் அகராதியில் பார்ப்போம் என்றால் முடியாது. நீங்கள் தோட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த செடியைப் பிடித்தீர்கள்.

இந்த வருஷம் வழக்கமாக நாம் போகிற தேதி வந்தது, போனது. வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து ஏழுமலை எனக்கு ஃபோன் செய்தார். “பெரியம்மா இருந்தா கேட்டுகினே இருப்பாங்க, அதான் சொல்றேன். இப்போ நல்லா முத்திகிச்சு. வியாழக்கெழம ஆள் வச்சுப் புடுங்கறேன். அத வுட்டா மழ புடிச்சிக்கும், காய் மண்ணுலயே மொளச்சிடும்” என்றார்.

உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், துள்ளிக் குதித்தார். “துட்டி வருசத்துல சுத்துலாவா? ஊரு என்ன சொல்லும்?” சாவு விழுந்த வீட்டில் தீபாவளி கிடையாது, புதுத்துணி கிடையாது, பலகாரம் கிடையாது, எல்லாம் சரி. கடலை என்ன பண்டிகையா? “ஊர் முழுக்கப் புதுத்துணி விக்கலாம், நாலு செடி பிடுங்கக் கூடாதா?” என்றேன். அவர், “அண்ணன்கிட்ட யாரு சொல்லுவா?” என்று மட்டும் கேட்டார்.

நானே கடைக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. மைக்கில் காணாமல்போன பிள்ளையின் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக் கடையில் பில் போடுகிற வரிசையில் நின்று, நகர்ந்து நகர்ந்து கல்லாவுக்கு முன்னால் வந்துசேர்ந்தேன்.

“அத்தான்” என்றேன்.

நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடிதான், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“வியாழக்கிழமை கடலை பறிக்கப் போறோம். கடைய உங்க தம்பி பாத்துக்கிடுவாக. நீங்க வரணும். அக்கா போன வருசமே கேட்டாச்சு.”

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா பொறுக்க மாட்டாமல், “இன்னாம்மா, பில்லு போடுவீங்களா, இல்ல பேசிக்கினே இருப்பீங்களா? புள்ள அழுவுது பாரு” என்றார். அத்தான் அவசரமாக அந்த அம்மாவின் கையிலிருந்து பில்லை வாங்கிக்கொண்டார். என்னிடம் பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வேன் வாசலுக்கு வந்தபோது நானும் மீனாவும்தான் தயாராக நின்றோம். கிளம்பலாம் என்று டிரைவரிடம் சொல்கிற நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கடைக்குத்தான் போகிறாரோ, வழியில் இறங்கிக்கொள்வாரோ என்று எனக்குச் சந்தேகம். வண்டி கிண்டியைத் தாண்டியது, தாம்பரத்தையும் தாண்டியது. இறங்கவில்லை.

நிலம் எப்படி இருந்தது தெரியுமா? முந்தின நாள் நல்ல தூறல். செடியைக் கொத்தாகப் பிடித்து லேசாக அசைத்தால் போதும், காய் ஒன்றுகூட அறாமல் அப்படியே கையோடு வருகிறது. பத்தொன்பது வருஷத்தில் கடலை பறிப்பது இவ்வளவு சுகமான வேலை என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. மீனாவும் நானும் ஆளுக்கொரு பாத்தியில் போட்டி போட்டோம். முழங்கைவரை சேறு. ஜெயித்தது நான்தான், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஏழுமலை வீட்டம்மா வரப்போரத்தில் மூன்று கல்லை வைத்து, பானையில் கல் உப்புப் போட்டுக் காய் வேகவைத்தார். சூட்டோடு உரித்துத் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சிரித்தேன் அக்கா. துட்டி வருஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்.

அத்தான் வரப்பில்தான் நின்றார். மூன்று தடவை ஃபோன் அடித்தது. இரண்டு தடவை, “தம்பியக் கேளுங்க” என்றார். மூன்றாவது தடவை அடித்தபோது எடுக்கவில்லை, அணைத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒரு செடியைப் பிடுங்கினார். ஒரு காயைப் பறித்துக் கட்டைவிரலால் நசுக்கி, தோட்டை விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

“பாரும்மா. கறுத்திருக்கு.”

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான். நல்லபடியாக ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், ‘அக்கா இருக்கும்போது இறங்கியிருந்தால் என்ன?’ என்ற கேள்விதான் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. “ஆமாத்தான்” என்று மட்டும் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, உங்களிடம் மறைப்பானேன்? ஒரே ஒரு நாள்தானே கேட்டீர்கள். உங்களுக்கும் கோபம் இருக்கிறதா?

திரும்பி வரும்போது மீனா என் மடியில் தூங்கிவிட்டாள். வண்டி அடையாறு பாலத்தில் நெரிசலில் நின்றது. முன் சீட்டிலிருந்து திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அத்தான் கூப்பிட்டார்.

“சின்னவளே.”

“சொல்லுங்கத்தான்.”

“ஒங்க அக்காகிட்டச் சொல்லிரு. நான் வந்தேன்னு.”

சொல்லிவிட்டேன் அக்கா. அதற்குத்தான் இந்தக் கடிதம். இனி ஒவ்வொரு வருஷமும் நிலம் சொல்கிற அன்றைக்கே போவோம், வரிசையில் நின்றாவது அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், இது சத்தியம். அவருக்குத் திருப்பி ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னிடம் சொல்லுங்கள். நான் அத்தானிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஓரகத்தி,
வீட்டுச் சின்னவள் முத்துலட்சுமி