பேட்டரி படுத்த காரணம்

மார்ச் 4, செவ்வாய்
காரில் புது ஸ்டீரியோவை நானே மாட்டினேன். நாள் முழுக்கக் கடையில் ஊரார் மொபைலைப் பிரித்து மேய்கிறவளுக்கு இது என்ன பெரிய வேலை? இவருக்கு வாயெல்லாம் பல். அத்தை மட்டும், "தெரிஞ்சவங்ககிட்ட குடுத்திருக்கலாம்" என்றார்.

மார்ச் 6
சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம். யாரோ தள்ளிவிட்டார்களாம். பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்த பார்வையே போதும்.

மார்ச் 7
கண்டுபிடித்துவிட்டேன்! மஞ்சள் வயருக்கு எப்போதும் கரன்ட் வரவேண்டும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். நான் மகா புத்திசாலி, இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறேன். சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரித்துச் சரிசெய்தேன். இவர்தான் டார்ச் பிடித்தார்.

மார்ச் 11
ஆபீஸில் மறுபடியும் படுத்துவிட்டதாம். "உன் வயரிங்லதான் ஏதோ கோளாறு" — இவரே சொல்லிவிட்டார். அத்தை போனில் நாத்தனாரிடம், "உங்க அண்ணி கை வெச்சா விளங்குமா?" என்று சிரித்தது சமையலறை வரை கேட்டது. அழுகை வந்தது.

மார்ச் 13
பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியிலிருந்து கரன்ட் வீணாகப் போவதே இல்லை. வீட்டில் நின்ற வண்டி காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. ஆபீஸில் மட்டும் என்ன வந்தது இதற்கு?

மார்ச் 14
மத்தியானம் மீட்டரை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இவர் ஆபீஸுக்கே போனேன். நிற்கிற இடத்தில் சோதித்துவிடலாம் என்று. அங்கே நம் வண்டியைக் காணோம். அந்நேரம் பார்த்து இவரே கூப்பிட்டார்.

"திரும்பவும் படுத்துருச்சு. நீ வராத, நான் பாத்துக்கறேன்."

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? ஆபீஸ் வாசல்லதான்."

"நானும் அங்கதாங்க நிக்கறேன்."

அப்புறம்தான் உண்மையைச் சொன்னார்.

வேலை போய்விட்டதாம். போன மாசமே! காலையில் கிளம்பி, எங்கோ மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை எடுக்காமல், சாயங்காலம் வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி படுக்காமல் என்ன செய்யும்?

மார்ச் 15
வேலை போனா போகட்டும். ஆனா தெரிஞ்சே என் கையைக் குத்தம் சொன்னாரே — அதுதான் ஆறல. நான் ஒவ்வொரு வயரா பிரிச்சுப் பாத்தப்போ பக்கத்துல டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னாரே! எப்படி முடிஞ்சுது?

"இப்போ என் வயரிங்ல தப்பில்லைன்னு அத்தைகிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றேன்.

"அப்போ பேட்டரி ஏன் போச்சுன்னு கேப்பாங்களே" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு
சாப்பிடும்போது அத்தை, "அந்த ஸ்டீரியோவக் கழட்டிப் போட்டுத் தொலைங்களேன்" என்றார்.

"அவ வயரிங்ல ஒரு கோளாறும் இல்லம்மா."

"அப்போ பேட்டரி ஏன் போகுது?"

இவர் தட்டையே பார்த்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு வேலை போயிருச்சும்மா. வண்டியிலதான் உக்காந்திருந்தேன்."

பரிமாறிக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பி, "உன் வேலை நல்ல வேலைதான்" என்றார்.

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் துடித்தேன். கேட்டும் சந்தோஷமாக இல்லை.