தேங்காய் எண்ணெய் பூசிய பிளேடு

அக்கா,

நேற்று மத்தியானம் கராஜில் பனி தள்ளும் பிளேடைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்தபோது, பின்பக்க மடிப்பிலிருந்து லேசாகச் சிக்கு வாடை வந்தது. மூன்று குளிர்காலம் தாண்டியும் அந்தத் தேங்காய் எண்ணெய் முழுதாகப் போகவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களுக்கு அது முதல் வருஷம். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீள டிரைவ்வே, அதுவும் ஏற்றம். உங்களுக்கு விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ட்யூட்டி. எனக்கு, அடிக்கடி வீசிங் வரும் இரண்டு வயது மகள். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருக்கும் கணவர். பனி கொட்டிக் கிடக்கும் நாளில் இவளுக்கு இழுக்க ஆரம்பித்தால் காரை எப்படி வெளியே எடுப்பேன் என்று அக்டோபரிலேயே பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

உங்களிடம் சொன்னேன். ஷெட்டைத் திறந்து காட்டினீர்கள். வீட்டை விற்றவர் விட்டுப்போன பழைய தோட்ட டிராக்டர். பக்கத்தில் துருப்பிடித்த பிளேடு.

"எங்கள் ரெண்டு பேரையும் விட மூத்தவர். மரியாதையாக் கதையும்," என்றீர்கள். அன்றிலிருந்து அவர் நமக்குப் பெரியவர்.

மாட்டி முடிக்க ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. நீங்கள் தரையில் படுத்துச் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, துளைகள் நேராக வரும் நொடிக்காக நான் செருக வேண்டிய இரும்புப் பின்னைக் கையில் வைத்துக் காத்திருந்தேன். எண்ணெய் பூசினால் பனி ஒட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்தான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி, தாராளமாகப் பூசினேன். மறுநாள் அது வெள்ளையாக உறைந்து, தள்ளப்போன பனியையெல்லாம் தன்மேல் அப்பிக்கொண்டு நின்றது.

"வீட்டுக்குள்ளயே உறைஞ்ச எண்ணெயை உருக்கிக் கொண்டு வந்து வெளியில பூசினனீர். நீர் உண்மையா கெமிக்கல் எஞ்சினியரோ?"

"டென்ஷன்ல தோணலக்கா."

"உமக்கு எந்த நாள் டென்ஷன் இல்லை?"

தோசைத் திருப்பியால் சுரண்டினோம். நீங்கள் கொண்டுவந்த நல்லெண்ணெய் உறையவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஸ்பிரிங் விவகாரம். எதிலாவது இடித்தால் பிளேடு மடிந்து கொடுக்கத்தான் பின்னால் அந்த இரண்டு ஸ்பிரிங். எதையும் மூன்று தரம் முறுக்குகிறவள் நான், அவற்றையும் முறுக்கிவிட்டேன். டிரைவ்வே நடுவில் எழும்பி நிற்கும் கான்கிரீட் விளிம்பில் இடித்தபோது பிளேடு அசையவில்லை. நான் ஸ்டியரிங்கில் போய் விழுந்தேன். ஓடிவந்து முதலில் என் தாடையைப் பார்த்தீர்கள், பிறகு ஸ்பிரிங்கை.

"இது மடங்க வேணும் பிள்ளை. இது மடங்காட்டி நீர்தான் மடங்குவீர்."

போன ஏப்ரலில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அப்போது பனி முழுக்கக் கரைந்திருந்தது. டொராண்டோவுக்கு மகனிடம் தனியாகக் கிளம்பிய அன்று உங்கள் வீட்டுக்கார அண்ணா டிராக்டர் சாவியை என் கையில் வைத்தார். "அவ உமக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

நேற்று முதல் தடவையாக ஒற்றையாளாக மாட்டினேன். சட்டத்துக்கு அடியில் உங்கள் இடத்தில் கார் ஜாக்கியை வைத்தேன். அது உங்களைப்போல் திட்டவில்லை. அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. பிளேடின் அடிப்பட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் கழற்றித் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே தரம் முறுக்கினேன். கை இன்னொரு தரம் போகப் பார்த்தது, விடவில்லை.

இரவெல்லாம் கொட்டியிருந்தது. காலை ஏழு மணிக்குள் மேலிருந்து தெரு வரை தள்ளி முடித்துவிட்டேன். பத்து மணிக்கு இவளுக்கு இழுக்க ஆரம்பித்தது.

முன்பெல்லாம் இவள் நெஞ்சைப் பார்ப்பேன், ஓடிப்போய் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன், திரும்ப நெஞ்சைப் பார்ப்பேன். என் பயத்தைப் பார்த்து இவள் இன்னும் அழுவாள். இன்று நெபுலைசரை மாட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. மாஸ்க்கைத் தள்ளிவிட்டு என் சட்டையை முகர்ந்தாள்.

"அம்மா, யூ ஸ்மெல் லைக் தி டிராக்டர்."

"பெரியவர்னு சொல்லுடி," என்றேன். அப்படியே தூங்கிப்போனாள்.

வாசலில் கார் தெருவைப் பார்த்து நின்றது. வழி திறந்து கிடந்தது, அக்கா. போக வேண்டியிருக்கவில்லை.