வெயிலில் வளைந்த பதினொரு தட்டுகள்

சார்,

போன வாரம் சோளக்காட்டுக் கடைவீதியிலிருந்து பார்சல்காரர் கூப்பிட்டார். உங்கள் பெயரைச் சொல்லி, "அவரு போன் போகலீங்க. உங்க நம்பரும் போட்டிருக்குதுங்க" என்றார். நம் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது என்று பார்சலுக்கெல்லாம் என் நம்பரையும் கொடுத்து வைத்திருந்தீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கினேன். முறம் அகலத்துக்குச் சதுரமாக ஒரு அட்டைப்பெட்டி. கைக்கு வந்ததுமே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. நீங்கள் காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் பணம் கட்டிச் சொல்லிவைத்த புது இசைத்தட்டு. நீங்கள் மண்ணுக்குள் போய் மூன்று மாதம் கழித்து, ஆற அமர வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டில் வைத்து ஓரத்தை மட்டும் கத்தியால் கீறினேன். புது பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை வந்தது. எங்கள் வெளி அறையில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்த உங்கள் வாசனை. சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் மேல் மருந்துதான் மணக்க வேண்டும், உங்கள் மேல் அது மணந்ததே இல்லை. பெட்டியை மூடிவிட்டேன். மேற்கொண்டு பிரிக்கத் தைரியம் வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் குடிவந்த அன்று லாரியிலிருந்து கட்டிலுக்கு முன்னால் ரெக்கார்டு பிளேயர்தான் இறங்கியது. என் மனைவி, "பழைய காலத்துப் பாட்டு கேக்கறவரு போலிருக்குது" என்றாள். உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லீங்கம்மா, இதுல போடற பாட்டு போன மாசம் வந்தது. பழசெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லீங்க. இன்னிக்குப் பாடறவங்க என்ன சொல்றாங்கன்னு தெரிய வேண்டாமா?" என்றீர்கள். அவள் உள்ளே வந்து, "ஆளு ஒரு மாதிரிதானுங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதிதாக வந்த ராக், சோல் என்கிற இங்கிலீஷ் பாட்டுத் தட்டுகளில் எது நன்றாக இருக்கிறது என்று போனில் படிக்க, டவர் கிடைக்கிற ரோட்டு வளைவு வரைக்கும் நடப்பீர்கள். காட்டுக்குப் போகிறவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். இருபது பெயர் குறித்து வைத்து அதில் ஒன்றைத்தான் வாங்குவீர்கள். அது வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். ராக் எனக்கு ஒத்துவரவில்லை. கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்ட சத்தம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "உங்களுக்குக் காது மரக்காதுங்க ஓனரே" என்று நீங்களும் சும்மா விட்டதில்லை.

சோல் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "சர்ச்சுல சாமிக்குப் பாடற தொண்டையிலேயே புருஷன் பொண்டாட்டி சண்டையைப் பாடுனா அதுதானுங்க சோல்" என்றீர்கள். அது எனக்குப் பிடித்துவிட்டது. தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் பாடிய தட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டாம் பக்கம் ஓடும்போது, "இந்தப் புள்ள அழுதுகிட்டுப் பாடலீங்க சார், அழுது முடிச்சிட்டுப் பாடுது" என்றேன். நீங்கள் பிளேயர் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "இதைப் பத்தி எழுதறவங்க ஒருத்தரும் இப்படிச் சொல்லலீங்க" என்றீர்கள். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. மிளகையும் மரவள்ளியையும் தவிர வேறு எதைப் பற்றியும் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் திண்ணனூர் பக்கம் நடந்த மருத்துவ முகாமுக்குப் போய் நனைந்து வந்தீர்கள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. சேலத்துக்கு வண்டி ஏற்றும்போது அறைச் சாவியை என் கையில் கொடுத்து, "தட்டைப் பாத்துக்குங்க, ஈரம் ஆகாது" என்றீர்கள்.

ஒரு வாரம் பனிமூட்டம் விலகவே இல்லை. அறையைத் திறந்தால் சுவரோர அலமாரியின் கீழ் அடுக்கில் இருந்த பதினொரு தட்டும் பூசணம் பிடித்திருந்தன. அந்த வருஷம் வாங்கிய புதுசு எல்லாம் அதில்தான் இருந்தது. மிளகில் பூசணம் கண்டால் நாங்கள் என்ன செய்வோம்? கழுவி, தார்ப்பாயில் பரப்பி, வெயிலில் போடுவோம். கறுப்பாக இருக்கும் எதற்கும் வெயில் நல்லது என்றுதான் எனக்குப் பழக்கம். மறுநாள் பளிச்சென்று வெயிலும் அடித்தது. பதினொன்றையும் பூப்போலத் துடைத்து, களத்தில் வரிசையாகப் பரப்பினேன். காக்கை வந்து கொத்தக் கூடாதே என்று பக்கத்தில் கம்போடு வேறு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பொறுப்பு.

உச்சிவேளையில் திருப்பிப் போடலாம் என்று ஒன்றைத் தூக்கினேன். ஓரம் தொய்ந்து தொங்கியது. அத்தனையும் அப்படித்தான். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, தார்ப்பாயைச் சுருட்டினாள். உறைக்குள் சொருகி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

அன்று சாயந்திரம் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினீர்கள். மூச்சு வாங்கியது. "தட்டெல்லாம் எப்படிங்க இருக்குது?" என்றீர்கள். "எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்" என்றேன். "வந்ததும் அந்தப் புள்ள பாட்டை இன்னொரு தடவ கேப்போம்" என்றீர்கள். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை.

உங்கள் ஊர்க் கல்லறையில் மண் போடும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. சாகக் கிடந்த மனுஷனிடம் பொய் சொன்னேனே என்பதுதான் உள்ளே ஓடியது. உங்கள் மகள் என் கையைப் பிடித்து, "அப்பா உங்களைப் பத்தித்தான் பேசுவார் அங்கிள்" என்றாள். கையை உருவிக்கொள்ளலாமா என்றிருந்தது.

பார்சல் வந்ததும் அவளுக்குத்தான் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மற்ற தட்டுகளையும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான்கு நாளும் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். "சொல்லிப் போடுங்க, அந்தப் புள்ள உங்களைத் தின்னுற மாட்டா" என்றாள் என் மனைவி.

மகள் வந்து, அறையைத் துடைத்து, அந்தப் புதுப் பெட்டியைப் பிரித்தாள். ஒரு சோல் பாடகரின் தட்டு. அதைப் பிளேயரில் வைத்து ஓட விட்டாள். தட்டு சுற்றச் சுற்ற முள் ஏறி ஏறி இறங்கியது. யாரும் தொடாத புதுத் தட்டு, சார். என் களத்துப் பக்கமே வராத தட்டு. அது வளைந்திருந்தது.

"என்ன கண்ணு, இது கோணலா இருக்குது?" என்றேன்.

"புதுசே சில சமயம் இப்படித்தான் வரும் அங்கிள். முள்ளு ஏறி இறங்கும், பாட்டு கெடாது" என்றாள். கெடவும் இல்லை. அந்தக் குரல் நேராகத்தான் வந்தது.

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசணம், தார்ப்பாய், கம்பு, போனில் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. "வெயில்லயா காய வச்சீங்க?" என்று கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சிரிப்போடு அழுகையும் வந்தது. "அப்பா இருந்திருந்தா உங்களை உதைச்சிருப்பார் அங்கிள்" என்றாள். உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முதல் தட்டு மேடு பள்ளமாக ஓடி, முழுசாகப் பாடியது. இரண்டாவதும் பாடியது. நான்காவது அந்தப் பெண்ணுடையது. முள் நடுங்க நடுங்க, அந்தக் குரல் ஒரு சொல்லும் விழாமல் கடைசிவரை வந்தது. அப்போதுதான் சார் எனக்கு அழுகை வந்தது.

ஒன்பது பாடின. இரண்டில் முள் நிற்கவே இல்லை, எகிறி எகிறி வெளியே விழுந்தது. அந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் உங்கள் மகள். நான் கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் நானே பஸ்ஸில் ஏற்றி, பாடிய ஒன்பதை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

எல்லாம் நல்லா இருக்குது என்று அன்று உங்களிடம் சொன்னேன். பதினொன்றில் ஒன்பது அப்படித்தான் இருக்கிறது சார், நீங்கள் நிம்மதியாக இருங்கள். மிச்சம் இரண்டின் பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன்.