காலையில் மூட்டாத அடுப்பு

என் அலமேலுவுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல செய்தி ஒன்று கைக்கு வரட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். வந்துவிட்டது. நம் ஜானகி இங்கேயே, கல்கத்தா பவானிப்பூரிலேயே, என்னோடு இருக்கப்போகிறாள்.

முதல் மாதம் நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பாய். இந்த ஊர்க் கரி அடுப்பு உனக்கு எப்படித்தான் பணிந்ததோ! நான் முக்கால் மணி நேரம் விசிறினாலும் வருவது புகைதான். சாதம் வெந்து இறங்குவதற்குள் டிராம் போய்விடும். மூன்று தடவை ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன். "இன்னொரு தரம் இப்படி வந்தால் வேலை இருக்காது" என்று ஹெட்கிளார்க் பெரிய பாபு சொல்லிவிட்டார். அன்றைக்கு ஜானகியும் வெறும் பொரியைத் தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஒன்பது வயசுக் குழந்தை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். இனி அடுப்பை ஒரே வேளைதான் மூட்டுவது, அதுவும் ஆபீஸ் விட்டு வந்த பிறகு. மறுநாளைக்கும் சேர்த்தே வடித்துவிடுவேன். ஒரு பங்கில் புளிக்காய்ச்சல் கலந்து வைத்தால் அது மத்தியானத்துக்கு. மீதியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர் விட்டுப் பிசைய வேண்டியதுதான். மிச்சமாகிற நேரத்தில் ஜானகிக்குத் தலை பின்னுகிறேன். முதலில் கோணலாக வந்தது. இப்போது நீயே பார்த்தாலும் குறை சொல்ல மாட்டாய்.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்தாள். மறுநாள் காலையில் பானையைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டா, நேத்து வடிச்சதையா பெத்த பொண்ணுக்குப் போடறே? பேசாம இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ. இல்லேன்னா இவளை நான் அழைச்சுண்டு போறேன்."

குழந்தைக்கு ஏதோ குறை வைக்கிறோமோ என்று எனக்கே ஒரு பயம் இருந்தது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அந்த வாரமே வங்காளிகளின் அரந்தன் பண்டிகை வந்தது. முந்தின நாள் சமைத்ததைத்தான் அன்று சாப்பிடுவார்கள். அடுப்பை மூட்டாமல் அதற்கே பூஜை செய்வார்கள். கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நம் தீதி, கூப்பிட்டாள் என்று அக்காவும் ஜானகியோடு பார்க்கப் போனாள். நான் வாசலில் நின்றேன். வீடு முழுக்க உட்கார்ந்து ஆறின சோற்றைச் சாப்பிடுவதைப் பார்த்து, அக்கா காரணம் கேட்டாள். தீதி வங்காள பாஷையில் சொன்னதை ஜானகிதான் தமிழில் சொன்னாள்.

"வருஷத்துல ஒரு நாளாவது அடுப்புக்கு ஓய்வு வேண்டாமான்னு கேக்கறா, அத்தை." பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டாள்: "எங்காத்து அடுப்புக்கு தினம் காலம்பற லீவு. அந்த நேரத்துல அப்பா எனக்குத் தலை பின்னிண்டே பாடம் கேக்கறா. நான் எங்கேயும் வரல்லே."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெந்தயத்தை இப்படியா கருக்குவா? நகரு" என்றாள். கல்யாணப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுத் தனியாகவே ரயில் ஏறினாள். வழிக்கு நான் முந்தின நாள் கட்டி வைத்த புளியோதரைதான்.

அலமேலு, எனக்கு இப்போது பயமில்லை. ஜானகி மேலே படிக்க வேண்டும் என்கிறாள். அவளாக வந்து "போதும்பா" என்று சொல்கிற வரைக்கும் அவள் படிப்பை நிறுத்த மாட்டேன். எந்த ஊரிலிருந்து எந்த வரன் வந்தாலும், முதலில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் ஜானகியின் அப்பா