மச்சாள் தந்த கொரிய வேர்

1 பெப்ரவரி, ஞாயிறு

லைப்சிக்கிலிருந்து ஜெயமலர் வந்துபோனாள். இவருடைய மச்சாள். ஒருகாலத்தில் இவருக்குப் பேசி, சாதகம் பொருந்தாமல் விட்ட மச்சாள். கொரியாவுக்குச் சுற்றுலா போய்வந்தவள், இவருக்கென்றே ஒரு போத்தல் ஜின்செங் வேர்ச்சாறு கொண்டுவந்திருக்கிறாள். "ஒப்பரேசனுக்குப் பிறகு அத்தான் சரியாக் களைச்சுப்போனார். இது நல்ல தென்பு தரும்."

அத்தானாம்! எனக்கு ஒரு சவர்க்காரம்.

4 பெப்ரவரி, புதன்

காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி. "இப்ப படியேறேக்க மூச்சு வாங்கேல்லை" என்று அவளுக்குப் போனில் சொல்கிறார். நான் காய்ச்சும் குரக்கன் கஞ்சிக்கு இப்படி ஒரு சொல் வந்ததா? எரியுது. வயிறு பத்தி எரியுது.

17 பெப்ரவரி, செவ்வாய்

இவருக்கு டாக்டரிடம் காட்டுகிற டெர்மின் நாள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர், இரத்தம் கட்டிபடாமல் குளிசை போடுகிறவர். இந்தமுறை இரத்தப் பரிசோதனையில் குளிசை சரியாக வேலைசெய்யவில்லை என்று வந்திருக்கிறது. "புதிதாக ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று டாக்டரம்மா கேட்டா. "நைன்" என்று ஜெர்மனில் இல்லையென்றார். எங்கட ஆக்களுக்கு வேர் எப்ப மருந்தாயிருந்தது? மல்லித்தண்ணி மாதிரித்தானே.

நான் வேர்ச்சாற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். களைப்புக்கென்று பலர் எடுப்பதுதானாம், ஆனால் இந்தக் குளிசையின் வேலையை அது குறைக்கக்கூடுமாம். வால்வில் கட்டி வந்தால் பக்கவாதம். உடனே நிறுத்தச் சொன்னா.

ட்ராமில் ஏறியதும், "அவள் தந்தது எண்டபடியால்தானே உனக்குப் பொறுக்கேல்லை" என்றார்.

ஓம், பொறுக்கேல்லைத்தான். டாக்டரும் பொறாமையிலயோ சொன்னவ?

18 பெப்ரவரி

குடித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே.

19 பெப்ரவரி, வியாழன்

ஊற்றி எறியலாம். இன்னொரு போத்தல் அனுப்பச் சொல்லுவார். காலையில் இவர் பல் விளக்கும்போது, வாய் ஒருபக்கம் கோணுதோ என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்படி எத்தனை நாளைக்கு?

அவளுக்குப் போன் எடுத்தேன். நானாக அவளுக்கு எடுத்ததே இல்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லி, "நான் சொன்னால் கேக்கமாட்டார். நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்றேன். அக்கா! நாக்குக் கூசியது.

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அழுதாள். அந்த அழுகையும் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் இவருக்கு எடுத்தாள். இவர் இரண்டு தரம் "ஓம்" என்றார். எழும்பிப் போய்ப் போத்தலைக் குப்பையில் போட்டார். அவ்வளவுதான்.

10 மார்ச், செவ்வாய்

இரத்தப் பரிசோதனையில் குளிசை திரும்பச் சரியாக வேலைசெய்கிறது என்று வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட வந்த தன் தம்பி லவனிடம் இவர் சொல்கிறார்: "ஜெயமலர் நேரத்துக்குச் சொன்னபடியால் தப்பினன்ரா."

லவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆள் முன்னால் இருந்து, இரண்டு கையும் சுகமாக, சோறு பிசைந்து சாப்பிடுகிறார்.

"ஓம், அவதான் சொன்னவ" என்றேன்.