இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்

அழுத்தக்கார மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் அவள் குழந்தையும் இருக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்பாய், அந்த வார்த்தைக்கு இந்த வீட்டில் இப்போது மரியாதை இல்லை. ஃபோனில் திட்ட ஆரம்பித்தால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், சிக்னல் சரியில்லை என்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி. அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகவில்லை. அக்கா குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது, என் ஆபீஸ் அடையாள அட்டையின் ஒரு மூலையே இப்போது இல்லை. குளியலறைக் குழாய் நீ வந்தபோது சொட்டியது போலவேதான் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறான். ஊர் உலகத்தில் உண்மை பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஹாலில் டிவிக்கு மேலே அப்பா ஒரு ஆணி அடித்திருக்கிறார், எனக்குக் கிடைக்கப்போகிற கேடயத்தை மாட்டுவதற்கு. அந்தக் கதையை முதலில் கேள். எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவை என்று புதிதாக ஒரு பிரிவு திறந்திருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு மேனேஜர், எப்போது பார்த்தாலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பார், நாங்கள் பல்லழகர் என்று வைத்திருக்கிறோம். நாட்டின் வானம் முழுவதையும் பார்த்துக்கொள்கிற நிறுவனம் நாம், நமக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு, விமானக் கம்பெனிகள்தான் நம் வாடிக்கையாளர்கள், அவர்கள் முகம் கோணக்கூடாது என்று வாரத்துக்கு ஒரு கூட்டம் போடுவார். நம் வானத்தில் எத்தனை தூரம் பறந்தார்கள், விமானம் எத்தனை எடை என்று கணக்குப் போட்டுத்தானே அவர்களுக்கு பில் போகிறது, பில் கட்டுகிறவர்கள் கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஆனால் இவர் சுவரில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று படம் போட்டு, ஒவ்வொரு கம்பெனியும் போன மாதம் எத்தனை நிமிடம் வட்டமடித்தது என்று ஒட்டி வைக்கிறார். வானத்தில் காக்க வைத்தால் அழுகிற முகமாம். ஏன் காக்க வைத்தோம் என்பதற்கு அவரிடம் முகம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புயல்நாள் வந்தது. உனக்குத் தெரியாததா, நீயும்தான் மேலே இருந்தாய், ஆனாலும் என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். இறங்கிய சரக்கு விமானம் ஒன்றின் டயர் வெடித்து ரன்வே முழுக்க ரப்பர் துண்டு, இன்னொரு ரன்வேயில் பழுதுபார்க்கும் வேலை, ஆக இறங்குவதற்கு இடமே இல்லை. அக்கம்பக்கத்து விமான நிலையங்களில் பாதி மழையில் மூடிவிட்டன, மீதியில் நிற்க இடமில்லை. வந்தவர்களையெல்லாம் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கிச் சுற்றவிட்டேன். எங்கள் ராடார் அறைக்கு ஜன்னல் கிடையாது, வெளியே மழையா வெயிலா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம், அன்றைக்கு அந்த அறையில் தண்ணீர் குடிக்க எழுந்தவர்கூட இல்லை. சொந்தக்காரர் ஓட்டுகிற விமானம் நம் அலைவரிசைக்கு வந்தால் நாற்காலியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் அறையில் வழக்கம். உன் விமானத்தின் எண் திரையில் வந்ததுமே சூப்பர்வைசரிடம் என் பையன் வர்றான் சார், யாரையாவது உட்கார வையுங்க என்றேன். அவர் யாரும்மா இருக்காங்க, நீங்களே பாருங்க என்று கையை விரித்தார். சரி என்று உட்கார்ந்தேன். அந்த நிமிடத்திலிருந்து நீ எனக்குப் பிள்ளை இல்லை, ஒரு எண், அவ்வளவுதான். வந்த வரிசைப்படிதான் இறங்க வேண்டும், பெரிய கம்பெனி சின்னக் கம்பெனி என்ற பேச்சே இல்லை. உடம்பு சரியில்லாத பயணி இருந்தாலோ எரிபொருள் குறைந்தாலோ மட்டும் முன்னால் வரலாம், அதுவும் பைலட்டுகள் நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்.

ஒவ்வொருவரையும் கேட்டேன், இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று. உன்னையும் கேட்டேன். நீ இருபது நிமிஷம் தாராளமா தாங்கும் என்றாய். அந்தத் தாராளத்தை நம்பி உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு, நெஞ்சுவலிக்காரர் இருந்த விமானத்தை முன்னால் விட்டேன். ரன்வே திறந்த பிறகு, எரிபொருள் குறைகிறது என்று சொன்ன இன்னொருவனையும் உனக்கு முன்னால் இறக்கினேன். கடைசியாக இறங்கியவன் நீ. ஒருவரையும் வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பாமல் எல்லோரையும் இறக்கியாயிற்று என்று சூப்பர்வைசர் என் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். விமானக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நன்றி தெரிவித்தன, உன் கம்பெனியும்தான். பல்லழகருக்குக் கால் தரையில் பாவவில்லை, வருடாந்திர வாடிக்கையாளர் கூட்டத்தில் எனக்குக் கேடயம், வரவேற்பறையில் என் ஃபோட்டோ என்று அறிவித்துவிட்டார். அப்பா அன்றைக்கே ஆணி வாங்கப் போய்விட்டார்.

நீ அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாய். சூட்கேஸைக் கூடத் திறக்காமல் இரண்டு தட்டு சாப்பிட்டாய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தாய், எங்கம்மா என்னைக் கடைசியில இறக்கினாங்க, சொந்தப் பிள்ளைக்கே இந்த கதி என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேனடா. சோபாவில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க நீ தூங்கியபோது போர்வை எடுத்துப் போர்த்திவிட்டு, என் பிள்ளை எவ்வளவு நிதானமாக இருந்தான், எவ்வளவு பொறுமை என்று பெருமைப்பட்டேன். அந்தப் போர்வையை இப்போது அலமாரியில் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் சொல்ல அன்றைய ஒலிப்பதிவைப் போட்டார்கள். நெருக்கடியில் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு உதாரணமாம், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஒரே சமயத்தில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், யார் எத்தனை நிமிடம் என்கிறார்கள் என்பதைத்தான் கேட்டேன், குரலைக் கேட்க நேரமில்லை. இப்போது சும்மா உட்கார்ந்து கேட்கிறேன், என் கேள்வி வருகிறது, பிறகு நீ தொண்டையைச் செருமுகிறாய், செருமிவிட்டு இருபது நிமிஷம் என்கிறாய். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விலகியிருந்தபோது சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு செருமல் செருமிவிட்டு, ஒண்ணுமில்லம்மா என்றவன் நீ. காய்ச்சல் கொதிக்கும்போதும் ஒண்ணுமில்லம்மா. பரீட்சையில் தோற்றபோதும் ஒண்ணுமில்லம்மா. அறையில் இருந்தவர்கள் எல்லாம் என் குரலைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு உன் செருமல் மட்டும்தான் கேட்கிறது.

அதனால்தான் அன்றே ஃபோன் பண்ணினேன். நேராகக் கேட்டேன், இறங்கும்போது தொட்டியில் எவ்வளவு இருந்தது என்று. முதலில் சிரித்தாய். அதான் பத்திரமா இறங்கிட்டேன்லம்மா என்றாய். நான் விடாமல் கேட்டதும்தான் சொன்னாய், அப்போதே இருபது நிமிஷத்துக்கு இல்லை, யாரும் தொடவே கூடாத அந்தக் கடைசி அரைமணி நேர எரிபொருளைத் தொட்டுத்தான் இறங்கினேன் என்று. உன் பக்கத்தில் இருந்த அந்தக் கோ-பைலட் பெண் இரண்டு தடவை சொல்லிடலாமா சார், சொல்லிடலாமா சார் என்று கேட்டாளாம். நீ அவளிடம் சொன்ன பதிலை நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். பேசறது எங்க அம்மா, பயந்துடுவாங்க, ரன்வே இப்ப திறந்துடுவாங்க பாரு என்றாயாமே. அதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று நினைத்தாயா?

உன்னை யாருடா என்னைக் காப்பாற்றச் சொன்னது? பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீ எரிபொருள் அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயந்துதான் இருப்பேன், வீட்டுக்கு வந்து அழுதுகூட இருப்பேன், ஆனால் அந்த நொடியே உன்னை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன், திறந்த ரன்வேயில் முதலில் நீ இறங்கியிருப்பாய். என் திரையில் உன் உயரம் தெரியும், வேகம் தெரியும், எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று தெரியும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதை நீங்கள் சொல்ல வேண்டும், நாங்கள் நம்ப வேண்டும், எங்கள் பிழைப்பே அதன் மேல்தான் நடக்கிறது. ரன்வேயைக் கூட்டியவர்கள் இன்னொரு ரப்பர் துண்டைப் பார்த்துவிட்டு மறுபடி மூடியிருந்தால் நீ எங்கே போயிருப்பாய்? உன் பின்னால் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்காவது அம்மா இல்லையா? என் அம்மா பயப்படக் கூடாது என்று அத்தனை பேருடைய அம்மாவையும் பணயம் வைத்திருக்கிறாய். அதற்கு ஊர் எனக்குக் கேடயம் தருகிறது, சிரிக்கிற முகம் ஒட்டுகிறது.

அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா, விடேன், பையன் நல்லபடியா இறங்கிட்டான், இப்பத்தான் கேப்டன் ஆகியிருக்கான், வெளியில தெரிஞ்சா வேலைக்கே உலை வெச்சுடுவாங்க என்கிறார். பேனாவை ஒளித்து வைத்துவிட்டார், இதை அக்கா குழந்தையின் கலர் பென்சிலால் ஆரம்பித்து, பிறகு கடையில் புதுப் பேனா வாங்கி எழுதுகிறேன், மேலே ஊதா நிறம் ஏன் என்று யோசிக்காதே. அக்கா மட்டும்தான் என் பக்கம். அம்மா கேட்டா உண்மையைச் சொல்றதுக்கு அவனுக்கு இவ்வளவு வயசாகியும் வரலையே என்று அவளும் பொருமுகிறாள்.

ஆகையால் இதுதான் நான் சொல்ல வந்தது. கடைசி அரைமணியைத் தொட்டு இறங்கினால் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீ இன்னும் கொடுக்கவில்லை. இந்தக் கூரியர் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். திங்கட்கிழமை காலை நான் எங்கள் பாதுகாப்புப் பிரிவில் என் ரிப்போர்ட்டைக் கொடுக்கிறேன், அந்த ஒலிப்பதிவை மறுபடி கேளுங்கள், அது பாராட்ட வேண்டிய நாள் இல்லை என்று. அதற்கு முன்னால் நீயே உன் கம்பெனியில் கொடுத்துவிடு, அந்தக் கோ-பைலட் பெண் இரண்டு தடவை கேட்டதையும் மறக்காமல் எழுது, அவள் பேரில் ஒரு கீறல் விழக் கூடாது. விசாரணை வரும், கொஞ்ச நாள் தரையில் உட்கார வைப்பார்கள், தோளில் இருக்கிற கேப்டன் பட்டை ஒன்று போனாலும் போகும். போகட்டும். கேடயம் வேண்டாம் என்று பல்லழகரிடம் சொல்லிவிட்டேன். ஏன் மேடம், கம்பெனிங்க எல்லாம் ரொம்ப திருப்தியா இருக்காங்களே என்றார், முதல் தடவையாக அவர் பல் மூடியிருந்ததைப் பார்த்தேன். ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஃபோனில் நீ ஒப்புக்கொண்ட நாளிலிருந்து யாரிடம் கேட்டாலும் இரண்டு தடவை கேட்கிறேன். நேற்று ஒரு வயதான பைலட், என் குரலை இருபது வருடமாகக் கேட்கிறவர், ஒரு தடவை சொன்னா போதாதாம்மா என்று சலித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மைதான், அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர் இறங்கி நிற்கும் வரைக்கும் திரையில் அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக வானத்தில் இருந்து வருகிற எந்தக் குரலையும் கேட்ட மாத்திரத்தில் நம்பினேன். அதை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய், வேறு யாரும் இல்லை, நீ.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தூக்கம் சரியில்லாமல் வண்டி ஏறாதே. என்ன கோபம் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. திங்கட்கிழமையை மறக்காதே. ரிப்போர்ட் கொடுத்த பிறகு ஃபோன் பண்ணு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், நான் முன்னால் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னைக் கடைசியில் இறக்கிய
உன் அம்மா